சேதி கேட்காத தொண்டை

எங்கள் ஊரில் ஒருவனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவன் முகத்தைப் பார்க்க மாட்டோம், கிண்ணத்தைப் பார்ப்போம். மத்தியானம் ஆனதும் ஆண்கள் அவரவர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாவு மில்லுக்கு எதிரே உள்ள இலந்தை மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். ஒரு கையில் கொதிக்கக் கொதிக்கத் தினைக்கஞ்சி, அதன் மேல் ஒரு பிடி புளித்த கீரை. இன்னொரு கையில் சாப்பாட்டுக் குச்சியில் குத்திய, ஆவியில் வெந்த ரொட்டி. கஞ்சியை ஆற வைத்துக் குடிக்கிறவனை ஆம்பளையா என்று கேட்பார்கள். நானும் மில் வாசலில் மாவுத் தலையோடு நின்று அந்தக் கேலியில் கலந்துகொள்வேன்.

ரொட்டி இல்லாமல் வெறும் கஞ்சியோடு ஒருவன் வந்துவிட்டால் மட்டும் பேச்சு நின்றுபோகும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வடசீனத்துத் தைஹாங் மலையின் இந்த அடிவாரத்தில் தொண்டை அடைப்பு எடுத்துப்போகாத வீடு கிடையாது. என் மாமனாரை எடுத்தது, என் சின்ன நாத்தனாரை எடுத்தது. மீந்ததைக் கொத்தித் தின்கிற கோழிக்குக்கூடத் தொண்டையில் அந்தக் கட்டி வரும். முதலில் ரொட்டி இறங்காது, பிறகு கஞ்சி இறங்காது, பிறகு தண்ணீர். இதைச் சொல்ல இங்கே யாருக்கும் டாக்டர் தேவையில்லை.

மன்சாங் அண்ணன் பக்கத்து வீடு. கொத்தனார். எங்கள் மாவட்டத்து ஆண்கள் பாதிப்பேர் எந்த நகரத்திலாவது சாரத்தின் மேல் நிற்பவர்கள்தான். அண்ணனும் இருபது வருஷம் அப்படி நின்றுவிட்டு, முட்டி வலி வந்த பிறகு ஊரோடு தங்கி, படிவயலில் கோதுமையும் தினையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மில் சுவர் அவர் கட்டியது. கட்டும்போது என் வீட்டுக்காரரோடு அவர் போட்ட சண்டையில் ஊரே வயிறு நோகச் சிரித்தது. பேச ஆரம்பித்தால் எதிராளி கஞ்சி புரையேறித்தான் எழுந்து போவான்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க அவர் ரொட்டியோடுதான் வந்தார். குச்சியில் குத்தி, எல்லோரும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்து, ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"என்ன மில்லுக்காரி, இந்த வருச மாவுல உமி ஜாஸ்தியா இருக்கே. உன் வீட்டுக்காரன் கண்ணாடி போடறானா, இல்ல காதாலயே அரைக்கறானா?"

"உமி இல்லண்ணே, நீங்க கட்டின சுவரு உதுந்து விழுகுது. அதையும் சேத்து அரைச்சுக் குடுக்கறோம்."

"அப்படிச் சொல்லு! அதான் ரொட்டி இவ்வளவு கெட்டியா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து, கஞ்சியைக் குடித்துவிட்டு, ரொட்டியோடு வீட்டுக்குப் போனார்.

முதல் உறைபனி விழுந்த வாரம், மன்சாங் அண்ணனின் மனைவி சுய்லியென் அண்ணி பின்வாசல் வழியாக மில்லுக்குள் வந்தாள். அண்ணி சத்தமாக நடக்கிறவள், சத்தமாகக் கதவு சாத்துகிறவள். அன்று வந்ததே தெரியவில்லை. இடுப்பில் கட்டிய முன்துணியை மடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணி, தினை அரைக்கணுமா?"

அவள் துணியை அவிழ்த்து மாவுத் தொட்டி விளிம்பில் கொட்டினாள். காய்ந்து கல்லாகிப்போன ஆவி ரொட்டிகள். சிலதில் பச்சைப் பூஞ்சை. ஒவ்வொன்றிலும் குச்சி குத்திய ஓட்டை.

"பஞ்சுக் கோட்டு பழசா கெடந்துச்சு, துவைக்கலாம்னு எடுத்தேன்" என்றாள். "உள்பையில இருந்துச்சு. தலகாணிக்குக் கீழயும் இருக்கு. விறகுக்குப் பின்னாடியும் இருக்கு. தங்கச்சி, இந்த மனுசன் எப்பலேர்ந்து ரொட்டி திங்கல?"

மில்லை நிறுத்திவிட்டேன். இரண்டு பேரும் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்துப் பார்த்தாள், பிய்யவில்லை.

"வீட்ல கேட்டா, மரத்தடியில தின்னுட்டேன்பாரு. மரத்தடியில உங்களுக்கெல்லாம் காட்டிட்டு வந்திருக்காரு. நானும் தெனம் ஒண்ணு அவிச்சுக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன் பாரு, புத்தி கெட்டவ."

அன்று மத்தியானம் அண்ணன் வழக்கம்போல ரொட்டியோடு மரத்தடிக்கு வந்தபோது, அண்ணி பின்னாலேயே வந்து, அத்தனை ஆண்களுக்கு நடுவில், அதைக் குச்சியோடு கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"போதும். வீட்டுக்கு வாங்க."

அவர் கஞ்சிக் கிண்ணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அவள் பின்னால் போனார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுடைய ஒரே மகள் மைசுய், ஜெங்ஜோ நகரத்தில் இந்தத் தொண்டைப் புற்றைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். கோதுமை கதிர் விட்ட காலத்தில் பிறந்ததால் அந்தப் பெயர்; மைசுய் என்றால் கோதுமைக் கதிர். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு படித்தவள் அவள் ஒருத்திதான். முந்தின வசந்தத்தில் அவளுடைய குழு எங்கள் ஊருக்கே வந்து, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சோதனை செய்தது. மெல்லிய ரப்பர் குழாய் மாட்டின சின்ன பலூனை விழுங்க வேண்டும். உள்ளே போனதும் ஊதி, மெல்ல வெளியே இழுப்பார்கள். பலூனைச் சுற்றியிருக்கிற வலையில் தொண்டையின் மேல்தோல் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டும், எச்சில் வழியும், குடலே வெளியே வருகிற மாதிரி குமட்டும். நான் விழுங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

அண்ணன் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது பலூனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மைசுய். அண்ணன் வரிசையை விட்டு விலகி, பின்னால் நின்ற என் பக்கம் வந்தார்.

"பெத்த புள்ள முன்னாடி எச்சில் ஒழுக உக்காரச் சொல்றியா?" என்று என்னிடம்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. "அவ எதிர்ல நான் என்னைக்காச்சும் அழுதிருக்கேனா? நாளைக்கு வேற ஆளு உக்காந்தா வர்றேன்."

மைசுய்க்கும் கூச்சம். காது மடல் சிவக்க, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மறுநாள் அண்ணன் ஆட்டை ஓட்டிக்கொண்டு மலை மேலே போய்விட்டார். குழுவும் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

கடைக்காரர் வீட்டுத் தொலைபேசியில் அண்ணி ரொட்டி விஷயத்தைச் சொன்னதும் மைசுய் அன்றைக்கே பஸ் ஏறி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "ரொட்டி எப்பலேர்ந்துப்பா எறங்கல?"

"கோதுமை அறுத்தப்புறம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ இதே வேலையாத்தான் இருக்க. வீட்டுக்கு வந்தும் அதே வேலையா, பாவம்னு நெனச்சேன்."

ஜெங்ஜோவில் அறுவை நடந்தது. கட்டி இருந்த இடத்தோடு தொண்டைக்குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள். அப்படி எடுத்ததில் ஒரு பருப்பளவு துண்டை, அண்ணனைக் கேட்டுக்கொண்டு, மைசுய் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். ஊர் திரும்பியதும் அண்ணனுக்கு அதுதான் பெருமை. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், "நான் மூணாங்கிளாசைத் தாண்டல, என் தொண்டை காலேஜுல படிக்குது" என்று கம்மிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

புத்தாண்டுக்கு மைசுய் வந்தாள். முற்றத்தில் வெயில் விழுகிற சுவரோரமாக அண்ணனைப் பஞ்சுப் போர்வை சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். அண்ணியும் நானும் கொழுக்கட்டைக்கு முள்ளங்கி கொத்திக்கொண்டிருந்தோம். புளித்த கீரையாலும் இந்த வியாதி வரும் என்று மைசுய் சொல்லியிருந்ததால், அந்த ஜாடியை அண்ணி முன்பே கவிழ்த்துக் காலி செய்து, பன்றிக்குழி பக்கம் உருட்டிவிட்டிருந்தாள்.

"ஏ புள்ள," என்றார் அண்ணன், "என் தொண்டைய வச்சுக்கிட்டு அங்க என்னதான் செய்யற? அத்தைக்கும் சொல்லு, மில்லுக்காரிக்கு நாலு பேருகிட்டப் பேச விஷயம் வேணும்ல."

மைசுய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் காலருகில் உட்கார்ந்தாள்.

"நம்ம உடம்புல கோடி கோடியா உயிரணு இருக்குப்பா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆயுசு உண்டு. சூடுபட்டு, விஷம் பட்டு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு வைங்க. அதுக்கு ஒரு சேதி போகும், 'உன் வேளை முடிஞ்சுது, போயிரு'ன்னு. சேதின்னா பேச்சில்ல. துளியூண்டு பொருளு. அது போயி அணுவோட கதவுல ஒட்டிக்கும். உடனே உள்ள இருக்கற பொருளுங்க ஒண்ணை ஒண்ணு எழுப்பி, அது தானாவே சுருங்கிச் செத்துரும். பக்கத்துல இருக்கறதுக்கு ஒரு தொந்தரவும் இல்லாம."

"நல்ல சாவு."

"ஆமாப்பா. அப்படி தெனம் சாகறதாலதான் நாம உயிரோட இருக்கோம். உங்களுக்கு வந்த கட்டியோட அணுவுக்கு அந்தச் சேதி கேக்கல. கதவ உள்ள இழுத்து ஒளிச்சு வச்சிருச்சு."

அண்ணன் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"மில்லுக்காரி, உனக்கு ஞாபகம் இருக்கா? கூட்டுப்பண்ணைக் கம்யூன் காலத்துல வீட்டுக்கு வீடு சுவத்துல ஒரு ஒலிபெருக்கிப் பொட்டி இருக்குமே. விடிஞ்சதும் வேலைக்கு வா, வேலைக்கு வான்னு கத்தும்."

"மேலத்தெரு நொண்டி கம்பியை அறுத்துவிட்டுட்டுத் தூங்குவானே!"

"அவனேதான்! ஊரே மண்ணு சுமக்கும், அவன் மட்டும் எனக்குச் சத்தமே கேக்கலைம்பான். சாப்பாட்டுக்கு மட்டும் மொத ஆளா வந்து நிப்பான். அவந்தான் என் தொண்டைக்குள்ள குடியிருக்கான்."

மைசுய்யும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அதோட விடலப்பா அது" என்றாள். "கெட்டதைப் பிடிக்கக் காவலுக்கு வர்ற அணுக்கள் இருக்கு. இது அந்தச் சாவுச் சேதிய அதுங்களுக்கே திருப்பி அனுப்புது. தான் சாகாது. காவக்காரனைச் சாகச் சொல்லும்."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். "கேடு கெட்டது" என்றாள்.

"நான் தேடறது அதத்தாம்மா. எந்தச் சேதியச் சொன்னா, எந்தக் கதவத் தட்டினா அதுக்குக் காது கேக்கும்னு."

"தட்டு தட்டு" என்றார் அண்ணன். "நல்லாத் தட்டு. நானும் உள்ள இருந்து சொல்லிப் பாக்கறேன்."

அன்றைக்கு அவர் கொழுக்கட்டை சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெகுநேரம் மென்று. நாங்கள் மூன்று பேரும் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. "என்ன, சிலையாட்டம் பாத்துக்கிட்டு? நீங்களும் தின்னுங்க" என்றார்.

மலையில் இலந்தை துளிர்த்தபோது அவர் கழுத்தோரம் முடிச்சு முடிச்சாகக் கட்டி தெரிந்தது. மைசுய் வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள், எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அவள் வாளியை இறக்கி இறக்கி ஏற்றுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. தண்ணீர் மொள்ளவில்லை.

அவள் ஒரு வாரம் இருப்பாள், ஒரு வாரம் ஜெங்ஜோ போவாள். அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தத் துண்டு வளர்கிறது, அதைப் பார்க்க வேண்டும். இங்கே அப்பா தேய்கிறார், அவரையும் பார்க்க வேண்டும். பாதிப் பொழுது அவளுக்கு பஸ்ஸிலேயே போனது.

கோதுமை மஞ்சள் கட்டத் தொடங்கியபோது அண்ணனுக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள் அண்ணி. அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"புதுக் கோதுமை ரொட்டி ஒண்ணு தின்னுட்டுப் போயிடணும்" என்றார் என்னிடம். சத்தமே இல்லை, உதடுதான் அசைந்தது. "இந்தத் தடவை நெசமாவே தின்பேன். கோட்டுல ஒளிக்க மாட்டேன்."

"அரைக்கறதுக்கு நான் ரெடியா இருக்கேன்ணே. உமி இல்லாம அரைச்சுத் தர்றேன்."

அறுப்புக்குச் சில நாள் இருக்கும்போதே போய்விட்டார். மைசுய் அப்போது ஜெங்ஜோவில் இருந்தாள். தகவல் போய், மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். கூடத்தில் அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள், மூடி சுவரில் சாய்ந்திருந்தது. அவள் மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"அன்னைக்கு நான் எந்திரிச்சு வெளியில போயிருக்கணும் அத்தை" என்றாள், நான் தூக்கியபோது. "பலூனை வேற யார் கையிலயாவது குடுத்துட்டு, வெளியில போயிருந்தா அப்பா முழுங்கியிருப்பாரு. என்னோட கூச்சம்தான்."

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

அண்ணி மட்டும் அழாமல் மகள் கொண்டுவந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டாந்தியா?"

"எதம்மா?"

"அப்பாவோட தொண்டை. உங்கிட்டத்தானே இருக்கு. பெட்டி மூடறதுக்குள்ள உள்ள வைக்கணும்."

எங்கள் பக்கத்தில் மனிதன் முழுசாகத்தான் மண்ணுக்குள் போக வேண்டும். விழுந்த பல்லைக்கூடப் பொட்டலம் கட்டி வைத்திருந்து பெட்டியில் போடுவார்கள். குறையோடு போனால் அந்தக் குறை அங்கேயும் தொடரும் என்பார்கள். இதை நம்புவதா வேண்டாமா என்று நான் யோசித்ததில்லை. என் மாமனாரின் பல்லை நான்தான் வைத்தேன்.

"ஆஸ்பத்திரியில வெட்டினது இப்ப இல்லம்மா. நான் எடுத்துட்டுப் போனது சின்னத் துண்டு. அதையும் கொண்டுவர முடியாது."

"ஏன் முடியாது? தொண்டை இல்லாம அங்க போயி எப்படி முழுங்குவாரு? இங்கதான் பட்டினியாப் போனாரு, அங்கயும் காலம்பூரா பட்டினியா? நீ படிச்சவ, உனக்கு இது ஒண்ணுமில்லாம இருக்கலாம். எனக்கு வேணும்."

"அம்மா, அது உயிரோட இருக்கு."

அண்ணி நிமிர்ந்தாள். பெட்டிக்கு அரக்கு பூசிக்கொண்டிருந்த தச்சரும் தூரிகையை நிறுத்திவிட்டார்.

"உயிரோடயா?"

"கண்ணாடிக் குப்பியில. வளருது. ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, இப்ப பல குப்பியில இருக்கு."

"என்ன திங்குது?"

"ஒரு தண்ணி ஊத்துவோம். லேசாச் சிவப்பா இருக்கும். சக்கரை, உப்பு, சத்து எல்லாம் கலந்தது."

"குடிக்குதா?"

"குடிக்குதும்மா. நல்லாக் குடிக்குது."

"கேட்டியா தங்கச்சி?" என்று என் பக்கம் திரும்பினாள் அண்ணி. "இவருக்குப் பஞ்சுல நனைச்சு வச்ச தண்ணி உள்ள போகல. அது நல்லாக் குடிக்குதாம்." பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். "கொல்லுடி அத! என் மனுசனைத் தின்னது அதுதானே! போயி கொன்னுட்டுக் கொண்டா. அப்புறம் பெட்டியை மூடிக்கலாம்."

"கொல்லணும்னா இப்பவே ஒரு போன் பண்ணினாப் போதும்மா. கொதிதண்ணிய ஊத்தினாச் செத்துரும். ஆனா மனுசன் தொண்டையில கொதிதண்ணிய ஊத்த முடியுமா? சேதி கேட்டு, அதுவாச் சாகணும். இதுவரைக்கும் என்னென்னமோ சொல்லிப் பாத்துட்டேன். கொஞ்சம் கேக்குது, மிச்சம் கேக்க மாட்டேங்குது. ஏன் கேக்கலைன்னு கண்டுபிடிக்கறதுக்கு அது உயிரோட வேணும்." அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். "அப்பாவுக்கு உதவல. இன்னொருத்தருக்காச்சும்."

அண்ணி முகத்தைத் துடைத்தாள். திறந்திருந்த கதவு வழியாக இலந்தை மரத்தடி தெரிந்தது. சாவு வீட்டுக்கு வந்த ஆண்கள் அங்கே கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையையும் அவள் பார்த்துக்கொண்டே போனாள். நானும் பார்த்தேன். எல்லார் கையிலும் ரொட்டி இருந்தது. இருந்தால் மட்டும் என்ன, அண்ணன் கையிலும்தான் இருந்தது.

"அப்ப இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. பட்டினி போட்டு மட்டும் கொல்லாத. கெட்டதுன்னாலும் அவரு உடம்புல இருந்து வந்தது. சேதி சொல்லியே கொல்லு. செத்த அன்னைக்கு எடுத்துட்டு வா, அவரு பக்கத்துல புதைப்போம். நான் இல்லேன்னாலும் நீ செய்யணும்."

"செய்யறேம்மா."

அண்ணி எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டுக் கோதுமைத்தாள், பாதி பச்சை. கூரை மேல் அனல் காற்றில் காயப் போட்டாள். மறுநாள் காலையில் கட்டையால் தட்டி, புடைத்து, என்னிடம் கொண்டுவந்தாள்.

"உமி இல்லாம அரைச்சுத் தர்றதா அவருகிட்டச் சொன்னியாமே."

பெரிய மில்லில் அந்தப் பிடி கோதுமை காணாமல் போய்விடும். கைத்திரிகையில் அரைத்தேன். ஈரப்பதத்தில் மாவு கல்லில் ஒட்டியது. மூன்று தடவை சலித்தேன், மறுபடியும் அரைத்தேன். சலித்த மாவு அவள் கிண்ணத்தில் விழும்போது, உயிரோடு இருக்கும்போது இதைச் செய்துகொடுக்க ஒரு வாரம் கிடைக்கவில்லையே என்றிருந்தது.

அண்ணி மாவைப் பிசைந்து இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை ரொட்டியாக உருட்டினாள். மறுபாதியைப் பலகையில் நீளமாக உருட்டிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மைசுய்க்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"தொண்டைய எவ்வளவு நீளம் வெட்டினாங்க?"

மைசுய் விரலை விரித்து ஒரு சாண் காட்டினாள். அண்ணி அந்த அளவுக்கு நறுக்கினாள். சாப்பாட்டுக் குச்சியை நடுவில் விட்டுத் துளைத்தாள். குனிந்து துளை வழியாகப் பார்த்தாள்.

"பத்தாது. ரொட்டி எறங்கணும்."

மைசுய் இடுக்கியின் கைப்பிடியைக் கழுவி எடுத்துக் கொடுத்தாள். இருவருமாக மாவுச் சுவர் கிழியாமல் துளையை அகலமாக்கினார்கள். ஆவியில் வேகவைத்து எடுத்ததும், அண்ணி ஒரு கரண்டி தண்ணீரை மேல் முனையில் ஊற்றினாள். தண்ணீர் தங்காமல் ஓடி, அடியில் பிடித்திருந்த மைசுய்யின் உள்ளங்கையில் விழுந்தது.

"எறங்குது" என்றாள் அண்ணி.

கழுத்துக்கும் மாருக்கும் இடையில், சட்டைக்குள், அந்தக் கோதுமைக் குழாயை வைத்துப் பொத்தானைப் போட்டாள். மேலுலகம் போகிற வழியில் நாய் மறித்தால் போடுவதற்கு என்று செத்தவர் கையில் சின்ன ரொட்டி வைப்பது எங்கள் வழக்கம். அதை இடது கையில் வைத்தாள். புதுக் கோதுமை ரொட்டியை வலது கையில் வைத்து, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினாள். இன்னும் சூடு இருந்தது.

மூடியைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். அண்ணி அவர்களைக் கையால் நிறுத்திவிட்டுக் குனிந்தாள்.

"மைசுய் அப்பா, இது நாய்க்கு இல்ல. அங்க யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. ஒளிச்சும் வைக்காதீங்க" என்றாள். "தின்னுங்க."